எங்கள் எம்.பி. அலுவலகம்: ஆட்கள் அருமை, தொகுதிதான் தாங்கவில்லை

2025 ஆகஸ்டில் மூன்று தடவை எங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்துக்குப் போய்வந்தேன், இரண்டு தடவை அம்மாவோடு, ஒரு தடவை தனியாக. அம்மாவின் தம்பிக்குச் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை. காப்பீட்டு அட்டையில் வருவது போக மீதியைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், அதில் ஒரு பங்குக்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு எழுதிப் பாருங்கள், எம்.பி. கடிதத்தோடு அனுப்புங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதுவரைக்கும் எம்.பி. அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று இங்கே எழுதவில்லை, எழுதினால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

அலுவலகம் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான், ஒரு பழைய வீட்டின் மாடி. படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், மூட்டுவலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். கீழே ஒரு மேசை போட்டு வயதானவர்களிடம் மனுவை அங்கேயே வாங்கலாம், இதை அவர்களிடமே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். உள்ளே நுழைந்ததும் ஒரு நீளமான கணக்கு நோட்டு: வரிசை எண், பெயர், ஊர், செல் நம்பர், என்ன விஷயம். காலை பத்தரைக்குப் போன எங்களுக்கு 41. மூன்று பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஒரு தண்ணீர் கேன், எவர்சில்வர் டம்ளர். பெஞ்சில் இடம் இல்லாதவர்கள் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வேலை செய்கிறவர்கள் இரண்டே பேர். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், எல்லாரும் பி.ஏ. சார் என்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஒரு பெண். அந்தப் பி.ஏ. சாரைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் போதாது. மாமாவின் மருத்துவ அறிக்கை நாலாக மடிந்து கசங்கிப்போயிருந்தது. அதை மேசையில் விரித்து, மர அடிக்கோலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து நிமிர்த்திவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். எஸ்டிமேட் தாளில் தேதி இல்லாத இடத்தைச் சிவப்புப் பேனாவால் சுற்றினார். "அம்மா, இது ஜெராக்ஸ். டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒரிஜினல் வேணும். வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, ரெண்டு போட்டோ. எல்லாம் ஒண்ணா எடுத்துட்டு வாங்க, நான் விடமாட்டேன்" என்றார். 41வது ஆளிடம் பேசுகிற குரல் அது இல்லை, முதல் ஆளிடம் பேசுவது போலவே பேசினார். அம்மா அவரைத் தம்பி தம்பி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் எம்.பி.யைப் பார்க்க முடியவில்லை. மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலை 21இல் தொடங்கி ஆகஸ்ட் 21 வரை. வார நாளில் டெல்லி, சனி ஞாயிறு தொகுதி, அந்த இரண்டு நாளில் ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் ஓட வேண்டும், கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு, சாலைத் திறப்பு எல்லாம் அதற்குள்தான். எங்கள் கடிதத்தில் கையெழுத்து விழுந்ததும் ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு. குற்றம் சொல்ல மாட்டேன், அவர் டெல்லியில் இருக்க வேண்டிய நேரத்தில் டெல்லியில்தான் இருந்தார்.

அந்தப் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எனக்கு இந்தப் பக்கம், சவுதியில் இறந்துபோன மகனின் உடலைக் கொண்டுவர வழி கேட்டு வந்த ஒரு தகப்பனார், கையில் பாஸ்போர்ட் நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பிடித்துக்கொண்டு. அந்தப் பக்கம், தங்கள் ஊர் ஸ்டேஷனில் ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் நின்று போக வேண்டும் என்று ஊரே கையெழுத்துப் போட்ட மனுவோடு நாலு பேர். பென்ஷன் நின்றுபோன ஒரு பெரியவர், தொகுதியின் மறு கோடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர், வந்து சேரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல். இவர்கள் யாருடைய வேலையையும் கவுன்சிலரோ எம்.எல்.ஏ.வோ முடித்துக் கொடுக்க முடியாது. மத்திய அரசின் கதவைத் தட்ட ஊருக்கு என்று இருக்கிற ஒரே ஆள் எம்.பி.தான்.

ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று பி.ஏ. சாரிடம் கேட்டேன். அறுபது, எழுபது, வாரத்தில் மூன்று நாள் என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நாளைக்கு அறுபது, வருஷத்துக்கு 150 நாள் என்றால் 9,000 பேர். ஐந்து வருஷத்துக்கு 45,000. எங்கள் தொகுதி வாக்காளர்கள் ஏறக்குறைய 15 லட்சம். அதாவது அந்த அலுவலகம் ஒரு நாள் விடாமல் ஒழுங்காக நடந்தாலும், ஒரு பதவிக் காலம் முழுக்க நூற்றுக்கு மூன்று பேரின் தாளைத்தான் தேய்த்து நிமிர்த்த முடியும். இன்னும் இரண்டு பி.ஏ. போடலாம்தான், ஆனால் கையெழுத்துப் போடவும் அமைச்சரைப் போய்ப் பார்க்கவும் அவையில் எழுந்து கேட்கவும் இருப்பது அதே ஒருவர்தானே.

இது இப்படியே இருந்ததில்லை. அரசியலமைப்புச் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோது 81வது பிரிவில் ஒரு வரம்பு இருந்தது: ஏழரை லட்சம் பேருக்கு ஓர் உறுப்பினருக்குக் குறையக் கூடாது, ஐந்து லட்சம் பேருக்கு ஒருவருக்கு மேல் போகவும் கூடாது. முதல் மக்களவையில் 489 தொகுதி, நாட்டின் ஜனத்தொகை 36 கோடி, கணக்கு அந்த வரம்புக்குள் சரியாக உட்கார்ந்தது. 1952இலேயே இரண்டாவது திருத்தம் வந்து அந்த ஏழரை லட்ச வரம்பை எடுத்துவிட்டது. அப்புறம் ஜனத்தொகை ஏறிக்கொண்டே போனது, நாற்காலிகள் அந்த அளவுக்கு ஏறவில்லை. 2011 கணக்கெடுப்பில் 121 கோடி, தொகுதி 543, சராசரி ஒருவருக்கு 22 லட்சம். 2024 தேர்தலில் தமிழ்நாட்டின் பெரிய தொகுதியான ஸ்ரீபெரும்புதூரில் மட்டும் வாக்காளர்களே 23 லட்சத்துக்கு மேல். தெலங்கானாவின் மல்காஜ்கிரியில் 37 லட்சத்தைத் தாண்டியது. அந்த ஊரில் எம்.பி. அலுவலக நோட்டு எவ்வளவு நீளம் இருக்குமோ.

பிரிட்டனில் ஒரு தொகுதிக்கு 73,000 வாக்காளர் என்பது கணக்கு, 650 உறுப்பினர்கள். அங்கேயும் 600ஆகக் குறைக்கத் திட்டம் போட்டார்கள், 2020இல் அதைக் கைவிட்டு 650ஐயே வைத்துக்கொண்டார்கள். இத்தாலி அதே 2020இல் பொது வாக்கெடுப்பு நடத்தி 945 பேரை 600 ஆக்கியது, வாக்களித்தவர்களில் பத்தில் ஏழு பேர் சரி என்றார்கள். குறைத்த பிறகும் அங்கே கீழவை உறுப்பினர் ஒருவருக்கு ஒன்றரை லட்சம் பேர்தான். நம்மூரில் யாராவது "இத்தனை எம்.பி. எதுக்கு, பாதி போதும், சம்பளம் மிச்சம்" என்று சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருகிறது. எம்.பி. குறைந்தால் மிச்சமாகும் காசை அந்தச் சவுதித் தகப்பனாரின் கையில் கொண்டுபோய் யாரும் கொடுக்கப்போவதில்லை.

சரி, இனி தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நெஞ்சில் தைக்கிற பகுதி. இரண்டாவது தடவை பெஞ்சில் காத்திருந்தபோது டி.வி.யில் தொகுதி மறுவரையறை, அதாவது ஜனத்தொகையை வைத்துத் தொகுதிகளை மறுபடி பங்கு போடுவது பற்றிச் செய்தி ஓடியது, சத்தம் குறைத்து வைத்திருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு "என்னடா அது, நம்ம எம்.பி.யைக் குறைக்கப் போறாங்களாமே?" என்றாள். ஜனத்தொகை நாம் குறைவாக வைத்திருக்கிறோம், அதனால் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அப்ப நாங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டது தப்பா?" என்று கேட்டாள்.

அம்மா 1983இல் என் தங்கை பிறந்த பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவள். நர்ஸம்மா வீட்டுக்கு மூன்று தடவை வந்து பாட்டியிடம் பேசிப் பேசித்தான் சம்மதம் வாங்கினாராம். சுகாதார நிலையச் சுவரில் சிவப்பு முக்கோணம், நாம் இருவர் நமக்கு இருவர் என்ற எழுத்து, இரண்டும் எனக்கே ஞாபகம் இருக்கிறது. அம்மா செய்துகொண்டது அவளுக்காகவும் எங்களுக்காகவும்தான், மறுக்கவில்லை. ஆனால் அரசாங்கம் வீட்டு வாசலுக்கு வந்து கேட்டது, ஊர்ப் பெண்கள் கேட்டார்கள், செய்தார்கள். அதற்கு நாற்பது வருஷம் கழித்து, உங்கள் மாநிலத்தில் ஆள் குறைவு, ஆகவே உங்கள் குரலும் குறைவு என்று அதே அரசாங்கம் சொல்லலாமா? அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, "தப்பில்லம்மா" என்று மட்டும் சொன்னேன்.

இது நடக்காத விஷயமும் இல்லை, ஒரு தடவை நடந்திருக்கிறது. 1962 தேர்தலில் நமக்கு 41 தொகுதி. 1951க்கும் 1961க்கும் நடுவில் நாடு இருபத்தொன்றரை சதவீதம் வளர்ந்தபோது சென்னை மாகாணம் 12 சதவீதம்கூட வளரவில்லை, மறுவரையறை முடிந்து 1967 தேர்தலில் 39 ஆகிவிட்டது. அந்த இரண்டு போனது போனதுதான். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் கிருபாகரன், புகழேந்தி அமர்வு இதைத்தான் எடுத்துக் கேட்டது: ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காக இரண்டு எம்.பி.யைப் பறித்தீர்களே, ஒரு எம்.பி.க்கு 200 கோடி என்று வைத்தாலும் 14 தேர்தலுக்கு 5,600 கோடி ரூபாய் ஏன் இழப்பீடு தரக் கூடாது என்று. 1999இல் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்ததை நினைத்துப் பார்த்தால் இரண்டு நாற்காலி என்பது சின்ன விஷயம் இல்லை என்று புரியும்.

அதற்கப்புறம்தான் 1976இல் 42வது திருத்தம் வந்து 1971 கணக்கெடுப்பிலேயே தொகுதி எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. 84வது திருத்தம் அதை 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. அந்தக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக அறிவித்துவிட்டார்கள். அதனால்தான் 2025 மார்ச்சில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம், பிறகு கேரளா, தெலங்கானா, பஞ்சாப் முதல்வர்களும் கர்நாடகத் துணை முதல்வரும் வந்து உட்கார்ந்த கூட்டம். விகிதாச்சாரப்படி பார்த்தாலும் தென் மாநிலங்கள் ஒரு தொகுதிகூட இழக்காது என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா பிப்ரவரியில் கோவையில் சொன்னார். அந்த வார்த்தையை நான் நம்பவே விரும்புகிறேன். ஆனால் "இழக்காது" என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மொத்தம் 543ஆகவே வைத்துப் புது ஜனத்தொகைப்படி பங்கு போட்டால் தமிழ்நாட்டின் 39 என்பது 31 ஆகும் என்பது 2025இல் நம் மாநில அரசு சொன்ன கணக்கு. எந்த மாநிலத்துக்கும் எண்ணிக்கை குறையாதபடி மொத்தத்தை 848 ஆக்கினால் தமிழ்நாட்டுக்கு 49, உத்தரப் பிரதேசத்துக்கு 143 என்று 2019இலேயே ஆய்வாளர்கள் மதிப்பிட்டுச் சொன்னார்கள். 39 எங்கே, 49 எங்கே, பத்து கூடிவிட்டதே என்று தோன்றும். ஆனால் 543இல் 39 என்பது 7.18 சதவீதம், 848இல் 49 என்பது 5.8 சதவீதம்கூட இல்லை. இப்போதிருக்கும் பங்கு கிடைக்க வேண்டுமானால் 61 வர வேண்டும். சொத்துப் பிரிக்கும்போது நிலத்தின் அளவை மட்டும் சொல்லி மொத்தம் எவ்வளவு என்று சொல்லாத கதை இது. அவையில் ஓட்டெடுப்பு நடக்கும்போது தலைதான் எண்ணுவார்கள், நமக்கு முன்பு எத்தனை இருந்தது என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

இதில் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாக எழுதியதாகாது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு எம்.பி.க்கு பதினெட்டரை லட்சம் பேர், கேரளாவில் பதினேழு லட்சத்துக்குள். பீகாரில் 26 லட்சம், ராஜஸ்தானில் 27 லட்சத்துக்கு மேல். பீகாரில் ஒரு அம்மா தன் தம்பிக்காக எம்.பி. அலுவலகப் படியேறினால் அவளுக்கு 41 அல்ல, 60ஆம் எண் கிடைக்கும். அவள் என்ன தப்புச் செய்தாள்? ஒருத்திக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை என்ற நியாயம் அவள் பக்கம் இருக்கிறது. குழந்தை எத்தனை பெறுவது என்று அங்கே பெரும்பாலும் அவளும் முடிவு செய்திருக்க மாட்டாள், பள்ளிக்கூடமும் நர்ஸம்மாவும் அவள் ஊருக்கு நம் ஊருக்கு வந்த அளவு வரவில்லை.

இரண்டையும் வைத்துப் பார்த்து நான் வந்து நிற்கிற இடம் இதுதான். எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது, எந்த மாநிலத்துக்கும். மொத்தத்தைக் கூட்ட வேண்டும், ஆனால் மாநிலங்களுக்கு இடையிலான பங்கு இப்போது இருப்பது போலவே இருக்க வேண்டும், அந்தந்த மாநிலத்துக்குள் தொகுதிகளைச் சின்னதாக வெட்டிக்கொள்ளட்டும். அப்படிச் செய்தால் பீகார் அம்மாவின் வரிசையும் சுருங்கும், என் அம்மாவின் வரிசையும் சுருங்கும், டெல்லியில் யாருடைய கையும் தாழாது. எடை வித்தியாசம் அப்போதும் கொஞ்சம் இருக்கும், அது எனக்குத் தெரிகிறது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் மால்டாவுக்கு 6, ஜெர்மனிக்கு 96, தலைக்கணக்குப் பார்த்தால் மால்டாவுக்கு எத்தனையோ மடங்கு அதிகம், ஆனாலும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். நம் சட்டத்திலேயே லட்சத்தீவுக்கு 58 ஆயிரத்துக்குள் வாக்காளர் இருந்தும் ஒரு எம்.பி. உண்டு, அதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. பல ஊர், பல மொழி சேர்ந்த நாட்டில் தலை எண்ணுவது மட்டுமே கணக்கு இல்லை.

இடம் இல்லை என்று சொல்ல முடியாது, 2023இல் திறந்த புது நாடாளுமன்றத்தின் மக்களவையில் 888 இருக்கை. இத்தனை பேர் சேர்ந்தால் பேச நேரம் கிடைக்குமா என்பதுதான் சரியான கேள்வி. ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு எடுப்பது 20 கேள்வி, ஆள் கூடினால் அதில் ஒருவருக்கு வாய்ப்பு வருவது இன்னும் அரிது. அதற்கு வழி ஆளைக் குறைப்பது இல்லை, நாளைக் கூட்டுவது. முதல் மக்களவை ஐந்து வருஷத்தில் 677 நாள் உட்கார்ந்தது, 17வது மக்களவை 274 நாள். பாதிக்கும் குறைவு! அந்த நாள்களைத் திரும்பக் கொடுத்தால் 800 பேரும் பேசலாம். தொகுதி மேம்பாட்டு நிதியும் அப்படியே, ஒரு எம்.பி.க்கு வருஷத்துக்கு 5 கோடி, 13 லட்சம் வாக்காளர் உள்ள நாகப்பட்டினத்துக்கும் அதுதான், ஸ்ரீபெரும்புதூருக்கும் அதுதான். தொகுதி சின்னதானால் எங்கள் ஊர் நிழற்குடைக்கும் ஒரு நாள் முறை வரும்.

விமர்சனத்துக்குத் திரும்புகிறேன். ஊழியர்களுக்கு ஐந்துக்கு ஐந்து, யோசிக்காமல் கொடுப்பேன். இட வசதிக்கு இரண்டு. காத்திருக்கும் நேரத்துக்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் அவர்கள் தப்பு இல்லை. மொத்தத்தில் மூன்று நட்சத்திரம். கடிதம் போனது, ஒன்றரை மாதம் கழித்து நிதியிலிருந்து ஒரு தொகை ஆஸ்பத்திரிக்கே வந்தது, மாமா இப்போது வீட்டில் இருக்கிறார், உப்பில்லாத சாப்பாட்டைத் திட்டிக்கொண்டு.

போகிறவர்கள் கவனிக்க: திங்கள்கிழமை போகாதீர்கள், கூட்டம் அதிகம், புதன் பரவாயில்லை. ஒன்பதரைக்குள் நோட்டில் பெயர் எழுதிவிட்டால் மதியத்துக்குள் வேலை முடியும். ஒரிஜினல் எல்லாம் ஒரு செட், ஜெராக்ஸ் இரண்டு செட், எஸ்டிமேட்டில் தேதி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கூட்டத்தொடர் நடக்கும் மாதம் என்றால் கையெழுத்துக்கு ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்காரர்களோடு போனால் கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் மேலே ஏறிப் பெயர் கொடுங்கள், முறை வரும்போது கம்ப்யூட்டர் பெண்ணே படி வரை வந்து குரல் கொடுக்கிறது. அந்த ரயில் மனுக்காரர்களை மூன்றாவது தடவை போனபோதும் பார்த்தேன். மனுவில் கையெழுத்து இன்னும் இரண்டு பக்கம் கூடியிருந்தது, அன்றைக்கு அவர்களுக்கு 52.